ஈரப் பஞ்சால் துடைத்த பெயர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தொலைபேசியில் வந்தது.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கஞ்சியைத் தட்டில் ஊற்றி ஆற வைத்திருந்தேன். படக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சின்ன வயதுக் குரல், ரொம்ப மரியாதை. பழைய கார்ட்டூன் படங்களைத் தூசு தட்டிப் புதுசாக்குகிறார்களாம். இப்போது கையில் இருப்பது ‘நடந்து போன அடுப்பு’, 1974, பத்து நிமிடப் பாட்டுப் படம்.

“ஐயா, அந்தப் படத்துல வேலை செஞ்சவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இப்ப இருக்கீங்க. பேர் வர்ற இடத்துல ஒரு சந்தேகம். ‘அடுப்பின் குரல்’னு போட்டு ஒரு நடிகை பேர் வருதில்லையா, அதுக்கு அடியில வேற எழுத்து கீறல் மாதிரி தெரியுது. பெரிசாக்கிப் பார்த்தோம். ‘க’ன்னு ஆரம்பிக்குது. அது யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லையேம்மா” என்றேன். “அம்பது வருஷம் ஆச்சே.”

“பரவால்ல ஐயா, ஞாபகம் வந்தா கூப்பிடுங்க.”

ஃபோனை வைத்தேன். கஞ்சியைச் சாப்பிட்டேன். முழுசாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். குற்ற உணர்ச்சியில் எனக்குப் பசி போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பெயரை எழுதினவன் நான். அதைத் துடைத்தவனும் நான். அதன்மேல் இன்னொரு பெயரை எழுதினவனும் நான்தான். மாஸ்கோவில் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் எனக்கு அதுதான் உத்தியோகம். படத்தின் தலைப்பையும் ஆட்களின் பெயர்களையும் கையால் எழுதுவது.

ஆனாலும் கதையில் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். இலக்கிய நயத்துக்காக அல்ல. ‘நான்’ என்று எழுதி நாலு நாள் பார்த்தேன். ஒவ்வொரு பத்தியிலும் எனக்காக வாதாட ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்துகொண்டார்.

2

தொடக்கங்கள்:

‘மாஸ்கோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள்…’ (வேண்டாம். எங்கள் ஊர்க் கதை எதை எடுத்தாலும் பனிதான் கொட்டுகிறது. உண்மையில் அது மார்ச் மாதம். தெருவெல்லாம் சேறு.)

‘கிலெப் என்ற திறமைசாலி இளைஞன்…’ (யார் சொன்னது? வக்கீல் உள்ளே வந்துவிட்டார், பாருங்கள்.)

‘காப்பாவுக்குத் தேவதையின் குரல்…’ (பொய். அவள் குரல் கரகரப்பானது. கீழ்ச் சுருதியில் போகும்போது மரக்கட்டை எரியும்போது வெடிக்குமே, அப்படி ஒரு சத்தம் நடுவில் வரும்.)

சரி. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

கபித்தோலினா லுகோஷ்கினா வண்ணப் பிரிவில் வேலை பார்த்தாள். எல்லாருக்கும் காப்பா. முப்பத்தாறு வயது, வோலக்தா பக்கத்துக்காரி, புருஷன் இல்லை, ஏழு வயதில் ரிம்மா என்று ஒரு பெண். வண்ணப் பிரிவு என்றால் நீள மேசைகளில் முப்பது பெண்கள். கையில் விரல்நுனி வெட்டிய வெள்ளைப் பருத்தி உறை. முன்னால் கண்ணாடி மாதிரி செல்லுலாய்டுத் தாள். அதில் கரடிக்குப் பழுப்பு, நரிக்குச் சிவப்பு என்று காலையிலிருந்து மாலைவரை நிரப்ப வேண்டும். பேசினால் கை ஆடும். அதனால் பாடுவார்கள்.

கிலெபுக்கு இருபத்தாறு வயது. அவனுடைய மேசை அடுத்த அறையில். மத்தியானம் டீ குடிக்க வண்ணப் பிரிவுக்குத்தான் வருவான், காப்பா வீட்டிலிருந்து முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுவருவாள் என்பதற்காக.

“கழுத்தைப் பாரு, பிரஷ் காம்பு மாதிரி” என்பாள். “உங்கம்மா உன்னைப் பெத்தாளா, பென்சில்ல வரைஞ்சாளா? தின்னு.”

“ரெண்டு தின்னாச்சு, காப்பா.”

“நான் எண்ணினேனா? தின்னுடா.”

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நான் அவளை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? செத்தவர்களுக்குச் செய்த தவற்றை எழுதும்போது கை தானாக அவர்களை வெள்ளையடிக்கிறது. ஆகவே இதையும் சேர்க்கிறேன்: ஒருநாள் ஸ்டோர்கீப்பர் காலாவதியான சிவப்பு வண்ணத்தைத் தலையில் கட்டப் பார்த்தபோது, ஈர உறையைக் கழற்றி அவன் முகத்தில் விட்டெறிந்தாள். நாக்கு சாட்டை. புறம் பேசுவாள். ஒருத்தி அழுதுகொண்டே வேலையை விட்டுப் போக அவளும் ஒரு காரணம். போதுமா?)

3

படத்தின் கதை இது. ஒரு கிராமத்து வீட்டில் பெரிய செங்கல் அடுப்பு. மேலே ஏறிப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிசு. அந்த வீட்டில் இருக்கும் ஏழு பேரும் ‘இன்னைக்கு விறகு வெட்டுறது உன் முறை’, ‘இல்ல உன் முறை’ என்று சண்டை போடுகிறார்கள். யாரும் வெட்டுவதில்லை. ஒருநாள் அடுப்பு எழுந்து, கதவை இடித்துக்கொண்டு, காட்டுக்குள் நடந்து போய்விடுகிறது. போகும்போது பாடுகிறது:

*வெளியே பனி, உள்ளே நான்,*
*எரிவது என் முறை, எப்போதும் நான்.*
*எடுத்து வைக்க ஒரு கை இல்லை,*
*இனி என் வழியில் போகிறேன் நான்.*

(நானே கட்டின கதையாக இருந்தால் இந்தப் பாட்டை அடித்திருப்பேன். காப்பாவின் கதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. என்ன செய்வது, படத்தில் அப்படித்தான் இருக்கிறது.)

கார்ட்டூனில் முதலில் குரல், பிறகுதான் படம். குரலைக் கேட்டுத்தான் வாய் அசைவை வரைவார்கள். அடுப்புக்குப் பாட ஒரு பெரிய நடிகை ஒப்புக்கொண்டிருந்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதினதே போதும். அவர் நாடகக் குழுவோடு சைபீரியாவுக்குப் போய்விட்டார். வரைபவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் அவெனீர் பெத்ரோவிச் தாடியைச் சொறிந்துகொண்டு நடைபாதையில் உலாத்தினார். வண்ணப் பிரிவின் கதவு திறந்திருந்தது.

“உள்ள பாடுறது யாரு?”

“காப்பா” என்றான் கிலெப். முதலில் சொன்னது அவன்தான்.

அப்படித்தான் அவள் பாடினாள், நடிகை வரும்வரை தற்காலிகமாக. ஒலிப்பதிவு அறையில் பருத்தி உறையைக் கழற்ற மறந்து, இரண்டு கையையும் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு நின்று பாடினாள். மூன்றாவது தடவை அந்த மரக்கட்டைச் சத்தம் சரியாக ‘போகிறேன்’ என்ற இடத்தில் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவெனீர் பெத்ரோவிச் வாயைத் திறக்காமல் அழுதார்.

ஐந்து மாதம் அந்தக் குரலை வைத்து வரைந்தார்கள். பிறகு நடிகை வந்தார். தொண்டையில் சளி. ஆனால் பாட்டு பொருந்தாததற்குக் காரணம் சளி அல்ல. அடுப்பு ஏற்கனவே காப்பாவாகிவிட்டது. அது மூச்சு விடுவதும் முட்டுக்கொடுத்து எழுந்து நிற்பதும் அவளைப் போலவே. நடிகை இரண்டு தடவை முயன்றார். “வாய் ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

காப்பாவின் குரலே இருக்கட்டும் என்று முடிவானது. கிலெப் அன்றைக்கே ஒரு செல்லுலாய்டுத் தாளில் அவளுக்குப் பெயரட்டை எழுதினான். எஃகு முனையால் எழுத்தின் ஓரத்தை லேசாகக் கீறிவிட்டு, உள்ளே வெள்ளை நிரப்புவது அவன் வழக்கம். எங்கள் எழுத்தில் கபித்தோலினா என்ற பெயருக்குப் பத்து எழுத்து. அரை நாள் எடுத்துக்கொண்டான். ஈரம் காயும் முன்பே கொண்டுபோய் அவளிடம் காட்டினான்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இவ்ளோ பெரிசாவா போடுவீங்க?”

“திரையில இதைவிடப் பெரிசா வரும், காப்பா. ஆள் உயரத்துக்கு.”

“அடப்பாவி” என்றாள். உறை போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ரிம்மாகிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. பள்ளிக்கூடம் பூரா சொல்லட்டும்.”

*பள்ளிக்கூடம் பூரா சொல்லட்டும்.* இந்த வரியை மூன்று பிரதியிலும் அடித்தேன். மூன்றிலும் திரும்ப எழுதினேன். சொன்னதைச் சொல்லத்தான் வேண்டும்.

4

அடுத்த வாரம் அவெனீர் பெத்ரோவிச் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“கிலெப், அடுப்புக்கு அந்தம்மா பேரைப் போட்டுடு.”

“குரல் காப்பாவோடதாச்சே.”

“குரல் எங்க போகப்போகுது? படத்துலயேதான் இருக்கு. பேருதானே மாறுது. மேலிடத்துல அந்தம்மா பேரைச் சொல்லித்தான் படத்துக்கு அனுமதி வாங்கினேன். இப்ப போய், ‘அவங்க இல்ல, வண்ணம் அடிக்கிற ஒரு பொம்பள’ன்னு சொன்னா, படத்தை அலமாரியில வச்சுப் பூட்டிடுவான். நூறு பேரோட ஒரு வருஷ வேலை. காப்பாவுக்கும் அதுல பங்கு இருக்கில்ல?”

“அவங்ககிட்ட…”

“நீயே சொல்லிடு. உன்மேல அவளுக்குப் பாசம்.”

செல்லுலாய்டு தட்டுப்பாடு. புதுத் தாள் கேட்டால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், காரணம் எழுத வேண்டும். கிலெப் பஞ்சை நனைத்து, பழைய தாளிலேயே அவள் பெயரைத் துடைத்தான். சிரமமே இல்லை. வெள்ளை வண்ணம் தண்ணீரில் கரைந்துவிடும். கீறல் மட்டும் போகவில்லை. அதன்மேல் புதுப் பெயரை எழுதினான். நன்றாகவே எழுதினான். வேண்டா வெறுப்பாக எழுதியிருந்தால்கூட இன்றைக்கு ஒரு சமாதானம் இருக்கும்.

படம் போட்டுக் காட்ட மூன்று வாரம் இருந்தது. பதினைந்து வேலை நாள். பதினைந்து மத்தியானம். ஒவ்வொரு நாளும் ‘இன்றைக்குச் சொல்லிவிடுவேன்’ என்று போனான். ஒவ்வொரு நாளும் அவள் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தான்.

“ரிம்மாவுக்கு நீலக் கவுன் தைக்கிறேன், படத்துக்கு வரும்போது போட்டுக்க” என்றாள் ஒருநாள்.

“நல்லாருக்கும்” என்றான்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று. ஸ்டூடியோவின் சொந்தத் திரையரங்கு. ஊழியர்களின் பிள்ளைகளுக்காகப் போட்ட காட்சி. முன்வரிசையில் அவெனீர் பெத்ரோவிச்சும், மடியில் பூங்கொத்தோடு நடிகையும். நாலாவது வரிசையில் காப்பா, நீலக் கவுனில் ரிம்மா, அடுத்து கிலெப். அவன் வேறு எங்காவது உட்காரத்தான் பார்த்தான். ரிம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது. பெயர்கள் வந்தன. கதை, இசை, வரைந்தவர்கள். பிறகு, அடுப்பின் குரல்.

காப்பா அசையவில்லை. கிலெப் அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆகவே அவள் முகத்தை என்னால் வர்ணிக்க முடியாது. நீங்களும் தயவுசெய்து கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம்.

ரிம்மாவுக்கு வாசிப்பு அப்போதுதான் பழகியிருந்தது. உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் அட்டை மாறிவிட்டது. பிறகு அடுப்பு எழுந்து பாடத் தொடங்கியதும், இருக்கைமேல் ஏறி நின்றுவிட்டாள்.

“அம்மா! அம்மா, இது நீதான்!”

ஆட்கள் திரும்பினார்கள். நடிகையும் திரும்பினார், புன்னகையோடு. குழந்தைகளுக்குப் புன்னகைக்கப் பழகிய முகம். அவெனீர் பெத்ரோவிச் மட்டும் திரும்பவில்லை. அவர் பிடரி சிவந்துபோனது அந்தத் திரை வெளிச்சத்திலும் தெரிந்தது.

ரிம்மா கீழே இறங்கி, கிலெபின் முழங்காலில் கை வைத்தாள். “கிலெப் மாமா, இது எங்கம்மாதானே? நீதானே பேர் எழுதினே?”

நான் சொன்னேன்,

(‘அவன்’ என்று இருக்க வேண்டும். திருத்தப் போனேன். இருக்கட்டும்.)

நான் சொன்னேன், “இல்லம்மா. குரல் ஒரே மாதிரி இருக்கு, அவ்ளோதான்.”

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். ஒரு அடுப்பு விறகு எரிந்து தீரும் நேரம் போலத் தோன்றியது. உண்மையில் இரண்டு வரிப் பாட்டு ஓடும் நேரம்தான். பிறகு காப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள்:

“மாமா சொல்றது சரிதான். உக்காரு. பின்னாடி மறைக்குது.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளா, மகளைக் காப்பாற்றவா, தன் மானத்தையா? ஐம்பது வருஷமாக இந்தக் கேள்வியை என் வசதிக்கேற்பத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எப்படிப் போட்டாலும், நான் சொன்ன பொய்யை அவள் தன் வாயால் உறுதி செய்ய வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மத்தியானம் கிலெபுக்கு முன்னால் ரொட்டியை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து அவள் வண்ணப் பிரிவில் பாடவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் ஒரு புத்தக அச்சகத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான்.

6

இதுவரை எழுதிவிட்டு டிசம்பரில் நிறுத்தினேன். முடிவு வேண்டுமே.

ஒரு முடிவு எழுதினேன், ஐந்து பக்கம். அதில் கிலெப் ரிம்மாவைத் தேடிக்கொண்டு போகிறான், உண்மையைச் சொல்கிறான், அவள் அழுகிறாள், அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால் கிழித்துப் போட்டேன். அந்த ஆளுக்காக யாரும் கலங்கத் தேவையில்லை.

பிறகு நிஜமாகவே தேடிப் போனேன். காப்பா இருபது வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டாள் என்று தெரிந்தது. ரிம்மா செர்புகோவ் என்ற ஊரில் இருந்தாள். பல் கட்டும் இடத்தில் வேலை, பொய்ப்பல் செய்வாள். ஜனவரியில் மின்ரயிலேறிப் போனான் கிலெப். (எழுபத்தாறு வயதுக்கு ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. இந்த ஆளுக்கு வேண்டாம்.)

சமையலறையில் உட்கார வைத்தாள். டீ ஊற்றினாள். காய்ந்த வளைய ரொட்டியை ஒரு தட்டில் வைத்தாள்.

“கிலெப் மாமாவா நீங்க? வழியில பார்த்திருந்தா தெரிஞ்சிருக்காது. கழுத்தைப் பார்த்தா மட்டும் தெரியுது. அம்மா சொல்லிட்டே இருப்பாங்க.”

அவன் சொன்னான். பெயர் எழுதியது, காட்டியது, துடைத்தது, பதினைந்து மத்தியானம், முழங்காலில் வைத்த கை. ஒன்றையும் விடவில்லை. அவள் ஒரு வளைய ரொட்டியை எடுத்து, நாலாக உடைத்து, தின்னாமல் வரிசையாக வைத்தாள்.

“அப்ப அம்மா முதல்ல சொன்னதுதான் நிஜம்.”

“ஆமா.”

“நான் பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன், தெரியுமா? அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் டீச்சர் என்னைக் கிளாஸ் முன்னாடி நிக்க வச்சு, ‘நான் பொய் சொன்னேன்’னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அது போகட்டும். குழந்தைங்களுக்கு ஆயிரம் நடக்கும்.” ரொட்டித் துண்டுகளை ஒழுங்குபடுத்தினாள். “ஆனா எங்கம்மா ஒரு பீத்தல்காரின்னு அன்னைக்கு எனக்குள்ள பதிஞ்சுபோச்சு. அவங்க எது சொன்னாலும் பாதிதான் நம்புவேன். கடைசியில கால் வலிக்குது, கால் வலிக்குதுன்னு ஒரு வருஷம் சொன்னாங்க. பெரிசுபடுத்துறாங்கன்னு விட்டுட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப நேரம் கடந்துபோச்சு.”

அவன் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“அதை உங்க தலையில கட்டல. அது என்னோடது. ஆனா உங்களுக்கும் தெரியட்டும்.”

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். ரயில் ஏறுவதற்கு முன்பே காப்பகத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தான். அவள் அனுப்பிய படிவம் அது. பெயரை மாற்ற ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும். ‘சரியான பெயர்’ என்று ஒரு கட்டம். ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று இன்னொரு கட்டம், இரண்டு வரி.

ரிம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். “காரணம்னு என்ன எழுதப்போறீங்க?”

“நடந்ததை.”

“அப்ப சரி. ‘தவறுதலா’ன்னு மட்டும் எழுதிடாதீங்க. ஒரு புள்ளிகூட இடம் மாறி வைக்க மாட்டான் கிலெப்புன்னு அம்மா சொல்வாங்க.”

7

வீட்டுக்கு வந்து எழுதினேன். முதலில் வேறு தாளில்.

‘இயக்குநரின் உத்தரவின்படி…’ (அவர் செத்து முப்பது வருஷம். மறுத்துப் பேச வரமாட்டார்.)

‘அந்தக் காலத்துச் சூழ்நிலையில்…’ (சூழ்நிலைக்குக் கை கிடையாது. பஞ்சை நனைத்தது ஒரு கை.)

‘கபித்தோலினா லுகோஷ்கினாவின் பெயரை நான் தெரிந்தே அழித்தேன். அவருடைய மகள் கேட்டபோது…’ (இதற்கே இரண்டு வரி தீர்ந்துவிட்டது.)

கடைசியில் படிவத்தை எடுத்தேன். சரியான பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். பத்து எழுத்தும் நன்றாக வந்தன. காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, ‘ஐயா, ஐயா’ என்று மூச்சுக்கு மூச்சு கூப்பிடும் அந்தப் பெண் இதைப் படிப்பாளே என்று தோன்றியது. படித்துவிட்டு அடுத்த மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

எழுதினேன்: ‘தவறுதலாக விடுபட்டது.’

கையெழுத்துப் போட்டேன். தபாலில் சேர்த்தேன்.

போன வாரம் காப்பகத்துப் பெண் கூப்பிட்டு நன்றி சொன்னாள். படம் தயார், மே பதினொன்றாம் தேதி பெரிய திரையில் போடுகிறார்கள். எது எது எதனால் மாற்றப்பட்டது என்ற விவரத்தை அச்சடித்து, வருகிறவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுப்பார்களாம். முந்தாநாள் ரிம்மாவிடமிருந்து செய்தி வந்தது: ‘ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன் கிலெப் மாமா. நாலாவது வரிசை கிடைக்கல, ஆறாவதுதான். என் பக்கத்துல உக்காருங்க.’

இன்றைக்கு ஏப்ரல் இருபத்தெட்டு. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. காப்பகத்தைக் கூப்பிட்டு, காரணத்தை மாற்றுங்கள் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அப்படி ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். உடம்பு சரியில்லை என்று ரிம்மாவுக்குச் செய்தி அனுப்புவதாக ஒன்று எழுதினேன். அரங்கில் அவள் தாளைப் பிரிக்கும் முன்பே அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகவும் ஒன்று எழுதினேன். மூன்றிலும் அந்த ஆள் மனிதனாகத்தான் நடந்துகொள்கிறான். இரண்டாவதில்கூடக் கொஞ்சம் பாவமாகத் தெரிகிறான். எழுதுகிறவன் நான், அதனால்தான்.

ஆகவே பேனாவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஆறாவது வரிசை. விளக்கு இன்னும் அணையவில்லை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரிக்கிறாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வருகிறாள். அம்மாவின் பெயரில் நிற்கிறாள். அதற்கு எதிரே இருக்கும் இரண்டு சொல்லைப் படிக்கிறாள். பக்கத்து இருக்கையைப் பார்க்கத் திரும்புகிறாள்.

அங்கே ஆள் இருக்கிறானா, இருந்தால் என்ன சொல்கிறான் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை அவனுக்காக வேறு யாரையும் பதில் சொல்ல வைக்காதீர்கள்.